ஏழு கதவுகளும் ஒரு கண்ணும்

“எங்களிடம் ஓவியம் எங்கே இருக்கிறது?” என்று கேட்போர் நம்மில் அநேகர். எழுத்தணியையும் பள்ளிவாசல் சுவரின் கொடிக்கோலத்தையும் காட்டிவிட்டு நாமும் அத்துடன் நின்றுவிடுகிறோம். ஹெராத் நகரம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

சுல்தான் ஹுஸைன் பைக்கராவின் அந்தத் தலைநகரில், ஹிஜ்ரி 893இல் (கி.பி. 1488), ஸஅதியின் ‘பூஸ்தான்’ பிரதியொன்றுக்குக் கமாலுத்தீன் பிஹ்ஸாத் ஓவியங்கள் தீட்டினார். அப்பிரதி இன்று கெய்ரோவில், எகிப்தியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பக்கம், யூசுப் நபியை ஸுலைஹா மறிக்கும் காட்சி.

பக்கம் முழுவதும் கட்டடம். மனிதர் இருவர் மட்டுமே. கீழே புகும் நமது பார்வை மூடிய கதவொன்றில் முட்டுகிறது. பக்கத்திலே சாய்ந்தேறும் படிவரிசை அதை மேலே அனுப்புகிறது. மீண்டும் கதவு, மறுபுறம் திரும்பும் படி. இப்படி நெளிந்து நெளிந்து மேல்மாடத்தை அடைந்த பிறகே, எட்டிப் பற்றும் செவ்வாடைப் பெண்ணும் விலகி ஓடும் பச்சையாடை யூசுபும் அகப்படுகிறார்கள். அவள் கை நீண்ட திசையிலேயே அவர் உடலும் சாய்கிறது. நம் கண்ணும் அங்கே இழுபடுகிறது.

ஸஅதியின் கதையில் இந்த ஏழறை மாளிகை கிடையாது. அதே ஹெராத்தில் வாழ்ந்த ஜாமி 1483இல் முடித்த காவியத்திலிருந்து வந்தது அது. ஜாமியின் அடிகளைப் பிஹ்ஸாத் அக்கட்டடத்தின் மீதே எழுதியும் வைத்தார். ஆனால் ஜாமி பாடிய சுவர்ச்சித்திரங்களையும், ஸஅதி சொன்ன விக்கிரகத்தையும் விட்டுவிட்டார். அவை இருந்திருந்தால் கண் வழியிலேயே தங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஏறக்குறைய இதே காலத்தில், 1495க்கும் 1498க்கும் இடையில், மிலான் நகரில் லியனார்டோ டாவின்சி ‘இறுதி இராவுணவு’ தீட்டினார். அங்கே சுவரும் கூரையும் காட்டும் கோடுகளெல்லாம் நடுவிலிருக்கும் தலையை நோக்கி ஓடுகின்றன. கண் ஒரே பாய்ச்சலில் போய்ச் சேருகிறது. பிஹ்ஸாத் அப்படி விடுவதில்லை. படிப்படியாக ஏற வைக்கிறார். நேரம் செலவாகிறது, அந்த நேரம்தான் கதை. கதவுகளை அவள் அடைத்ததையும், இருவரும் வாசலை நோக்கி ஓடியதையும் சூரா யூசுப் சொல்கிறது. ஓவியத்திலோ ஒரு கதவும் இன்னும் திறக்கவில்லை.

இதன் பிரதியொன்றை ஒருமுறை வகுப்புக்குக் கொண்டுபோய், விரலால் வழி தேடச் சொன்னேன். எல்லா விரல்களும் மேலேறின. ஒரு பையன் மட்டும் மேலிருந்து கீழே வந்து, கதவு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“எல்லாம் பூட்டிக் கிடக்கு சேர், அவர் எப்படி வெளியே போற?”