எகிப்துக்கு ஒரு குடும்பச் சுற்றுலா: கொழும்பிலிருந்து புறப்படுவோர் அறிந்திருக்க வேண்டியவை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாட்டுப் பயணம் என்ற சொல்லுக்கு நீண்டகாலமாக ஒரே பொருள்தான் இருந்தது. வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்கள் லொட்ஜ்களில் அறை எடுத்து, கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் முகவரின் அழைப்புக்குமாகக் காத்திருந்தார்கள். போனவர் திரும்பி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்து அதைத் தடுத்தது. அந்த நாட்களை நேரில் கண்ட குடும்பங்கள் பல இன்றும் அதே தெருக்களில்தான் வாழ்கின்றன.

இப்போது அக்குடும்பங்களுக்கு வேறொரு தேவை இருக்கிறது. ஐரோப்பாவில் அகதி அந்தஸ்து பெற்றவர்களின் பயண ஆவணம் இலங்கைக்கு வருவதற்குச் செல்லாது. வயதான பெற்றோருக்கு ஐரோப்பிய விசா கிடைப்பதும் எளிதல்ல. ஆகவே அண்ணன் ஒரு நாட்டிலும், தங்கை இன்னொரு நாட்டிலும், அம்மா வெள்ளவத்தையிலும் இருக்கும் குடும்பங்கள் மூன்றாவது நாடொன்றில் சந்திக்கின்றன. இந்தியாவும் மலேசியாவும் பழகிய இடங்கள். இரு பக்கத்தாருக்கும் நடுவில் அமைந்திருப்பதாலும், பார்ப்பதற்கு நிறைய இருப்பதாலும் எகிப்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

முதலில் ஆவணங்கள்

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எகிப்துக்குச் செல்ல விசா தேவை. கொழும்பிலுள்ள எகிப்துத் தூதரகத்தில் அன்றைய நடைமுறையை நேரில் கேட்டறிந்த பின்னரே விமானச் சீட்டு வாங்குங்கள். பயணம் முடிந்த பின்னும் கடவுச்சீட்டு ஆறு மாதங்களாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். போகவரச் சீட்டு, தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை அல்லது தொழில் உறுதிக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். விசா விண்ணப்பத்துக்கு மட்டுமல்ல, கட்டுநாயக்கவில் கேள்வி எழுந்தாலும் அந்தக் கோப்பு உதவும்.

பிரித்தானிய, ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு உள்ள உறவினருக்கு இணையவழியிலோ கெய்ரோ விமான நிலையத்திலோ விசா கிடைக்கும். அகதிப் பயண ஆவணத்தில் வருபவருக்கு இது பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. அவர் தாம் வாழும் நாட்டிலுள்ள எகிப்துத் தூதரகத்தில் தனியாக விசாரிக்க வேண்டும். அவருடைய விசா உறுதியாகும் வரை மற்றவர்கள் பணம் கட்டாமல் இருப்பது நல்லது.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல்கள் சிலவும் உண்டு. தந்தையின் பெயர் ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால் வரும். பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஆங்கில எழுத்துகள் வேறுபடும். போரில் மூலப் பத்திரங்கள் தொலைந்திருக்கும். இவற்றைச் சரிசெய்ய மாதங்கள் எடுக்கலாம் என்பதால் பயணத் திகதிக்கு வெகு முன்பே தொடங்குங்கள். சிறுவர்களின் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்கப்படும். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட நிலையில் மரணச் சான்றிதழ் பெற விரும்பாத தாய்மார் உண்டு. அவர்கள், காணாமற்போனோர் குடும்பங்களுக்கு 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படி வழங்கப்படும் சான்றிதழை ஏற்பார்களா, வேறு எதைக் கேட்பார்கள் என்று குடிவரவுத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பத்தரமுல்லைக்கு வர முடியாத உறவினருக்கு வவுனியாவிலும், 2025 செப்டம்பர் முதல் யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன.

எப்போது போவது

ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை வசதியாகத் தோன்றினாலும் அப்போது லக்சரிலும் அஸ்வானிலும் வெயில் 40 பாகையைத் தாண்டும். முதியோரையும் பிள்ளைகளையும் கூட்டிச் செல்ல அது ஏற்ற காலமல்ல. டிசம்பர் இறுதியில் கட்டணங்கள் ஏறும். ரமழான் மாதத்தில் பார்வை நேரங்களும் உணவகங்களின் நேரங்களும் மாறும். கொழும்பிலிருந்து டோஹா, டுபாய், அபுதாபி போன்ற வளைகுடா நகரங்களில் விமானம் மாறிச் செல்லலாம்.

பத்து நாட்களில் பார்க்கக்கூடியவை

கெய்ரோவுக்கு மூன்று நாட்கள் ஒதுக்குங்கள். கீசாவின் பெரிய பிரமிட்டு கட்டப்பட்டபோது சுமார் 146 மீற்றர் உயரம். அருகிலேயே 2025 நவம்பர் 1ஆம் திகதி முறைப்படி திறக்கப்பட்ட பெரும் எகிப்திய அருங்காட்சியகம் இருக்கிறது. 1922இல் ஹவார்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமுன் கல்லறைப் பொருட்கள் அங்கேதான் உள்ளன. அரச மம்மிகளைப் பார்க்க விரும்புவோர் ஃபுஸ்தாத்திலுள்ள எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். பிரமிட்டின் உட்பாதை குறுகலானது, செங்குத்தானது. முழங்கால் வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

அடுத்து இரவு ரயிலிலோ உள்ளூர் விமானத்திலோ லக்சர். கர்நாக் கோயிலுக்கு ஒரு நாளும், நைல் நதியின் மேற்குக் கரையில் மன்னர் பள்ளத்தாக்குக்கு ஒரு நாளும் வேண்டும். அங்கிருந்து அஸ்வானுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அதிகம் நடக்க முடியாத முதியோர் இருந்தால் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஓடும் பயணக் கப்பல் வசதி. மூன்று, நான்கு இரவுகள் ஒரே அறையில் தங்கியபடி எட்ஃபு, கொம் ஒம்போ கோயில்களையும் பார்த்துவிடலாம். பல ஆண்டுகளின் பின் சந்திப்பவர்களுக்கு ஆறுதலாக இருந்து கதைக்கவும் நேரம் கிடைக்கும்.

அஸ்வானுக்குத் தெற்கே சுமார் 280 கிலோமீற்றரில் அபு சிம்பெல். அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்கவிருந்த அக்கோயில், யுனெஸ்கோவின் முயற்சியில் 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக வெட்டப்பட்டு மேட்டில் மீண்டும் கட்டப்பட்டது. உலகமே பேசும் சாதனை அது. அதே அணைக்காக எகிப்தில் மட்டும் சுமார் 50,000 நூபிய மக்கள் தம் ஊர்களை இழந்து கொம் ஒம்போ பகுதியில் குடியேற்றப்பட்டார்கள். கோயிலைப் பார்த்தவர்கள் அஸ்வானிலுள்ள நூபிய அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ஊர் இழந்தவர்களின் கதையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு நாள் மிஞ்சினால் அலெக்சாந்திரியா. அங்கிருந்து மேற்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் எல் அலமெய்ன். அப்பகுதியில் நடந்த பாலைவனப் போர்களில் போரிட்டு மடிந்த பொதுநலவாயப் படையினர் 7,000க்கும் அதிகமானோரின் கல்லறைகள் வரிசை குலையாமல் பராமரிக்கப்படுகின்றன. தோற்ற தரப்பினரான ஜேர்மனியருக்கும் இத்தாலியருக்கும் அங்கே தனித்தனி நினைவிடங்கள் உண்டு. துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்ட மண்ணிலிருந்து போகிறவர்களுக்கு அது சாதாரண காட்சியாக இராது.

நமக்கும் எகிப்துக்கும்

செங்கடல் கரையிலுள்ள குசைர் அல் கதீமில் கிடைத்த சுமார் 2,000 ஆண்டு பழைமையான பானையோட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பானை உறி’ என்ற பொருள்படும் சொற்கள் உள்ளன. உறி என்ற சொல்லை யாழ்ப்பாணத்து அம்மம்மாக்கள் இன்றும் சொல்வார்கள். தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் தமிழ்ப் பெயர் பொறித்த ஓடும், ஒரு சாடியில் ஏழரை கிலோ மிளகும் கிடைத்தன.

மறுதிசையிலும் தொடர்புண்டு. 1882இல் பிரித்தானியரிடம் தோற்ற எகிப்தியத் தளபதி அராபி பாஷா 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டார். 1892இல் மருதானை சாஹிராக் கல்லூரி உருவாக அவருடைய ஆதரவும் துணையாக இருந்தது. 1901இல்தான் அவரால் தாயகம் திரும்ப முடிந்தது. கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

பணம், உணவு, பாதுகாப்பு

2024 மார்ச்சில் எகிப்திய பவுண் ஒரே நாளில் பெருமளவு வீழ்ந்தது. அதனால் டொலர் கொண்டு செல்பவருக்குச் சாப்பாடும் வாடகை வாகனமும் மலிவு. ஆனால் பல முக்கிய இடங்களில் நுழைவுச்சீட்டுக்கு வங்கி அட்டை மட்டுமே ஏற்கப்படும். பிள்ளைகளின் சர்வதேச மாணவர் அட்டைக்குக் கட்டணச் சலுகை கிடைக்கும். சிறு உதவிக்கும் ‘பக்‌ஷீஷ்’ எதிர்பார்ப்பார்கள், சில்லறை வைத்திருங்கள். ஒட்டகச் சவாரிக்கு ஏறுவதற்கு முன்பே, இறக்கிவிடுவதையும் சேர்த்து விலை பேசுங்கள்.

சைவ உணவுக்காரர் கஷ்டப்படத் தேவையில்லை. சோறு, பருப்பு, கடலை, மக்கரோனி, பொரித்த வெங்காயம் சேர்ந்த ‘கோஷரி’ எங்கும் கிடைக்கும். தண்ணீர் போத்தலில் மட்டும் குடியுங்கள்.

சோதனைச் சாவடிகள் நிறைய உண்டு. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். படையினரையோ பொலிஸாரையோ படமெடுக்க வேண்டாம். ட்ரோன் கொண்டு செல்லவே கூடாது. வட சினாய், லிபிய எல்லை, மேற்குப் பாலைவனத்தின் உட்பகுதி ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுற்றுலா விசாவில் எகிப்துக்குப் போய் அங்கிருந்து படகில் ஐரோப்பா செல்லலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1996 டிசம்பரில் மோல்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில் ஒரு படகு மூழ்கி 283க்கும் குறையாதோர் இறந்தார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அலெக்சாந்திரியாவின் கடற்கரை வீதி வெள்ளவத்தை மரைன் டிரைவை நினைவூட்டக்கூடும். எதிரே தெரிவது அதே மத்தியதரைக் கடல்தான். அங்கே போய்வரச் சீட்டுடன் போங்கள், அம்மாவோடும் சகோதரங்களோடும் நின்று ஒரு படம் எடுங்கள், குறித்த நாளில் வீடு திரும்புங்கள்.