மூன்று நாள் நடந்தாலும் கணக்குதான்

இந்த எபிசோடை ஒரு சின்ன அவமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆன்சைட் வேலையாக அமெரிக்காவில் இருந்தப்போ, ஒரு லாங் வீக்கெண்டில் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா மலைக்குப் போனேன். அப்பலாச்சியன் டிரெயில் அந்த வழியாகத்தான் போகிறது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரைக்கும் 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். மரங்களில் அடித்திருக்கும் வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கணும். ராத்திரி டென்ட். கரடிக்கு எட்டாதபடி சாப்பாட்டுப் பையை உயரமான கம்பத்தில் மாட்டிவிட்டுத் தூங்கணும்.

இரண்டாம் நாள் எதிரே வந்த ஒருத்தர், "முழுசா போறீங்களா?" என்றார். "இல்லைங்க, செவ்வாய்க்கிழமை ஆபீஸ்." "ஓ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த "ஓ" ரொம்ப நாள் உறுத்தியது. அப்புறம்தான் இந்தப் பாதையின் கதையைப் படித்தேன்.

1921-இல் பென்டன் மெக்காய் என்ற வனத்துறை நிபுணர் இந்த யோசனையை ஒரு கட்டுரையாக எழுதினார். சாகசக்காரர்கள் ஒரே மூச்சில் கடக்கணும் என்பதல்ல அவர் நோக்கம். நகரத்தில் உழைக்கிறவர்கள் கிடைக்கிற லீவில் மலைக்கு வந்து, முகாம்களில் தங்கி, மூச்சு விட்டுட்டுப் போகணும். அதாவது, நம்மை மாதிரி ஆட்களுக்காக.

யோசனையைப் பாதையாக மாற்றியதில் பெரிய பங்கு மைரன் ஏவரிக்கு. வாஷிங்டனில் அரசாங்க வக்கீல். முழுநேர வேலை. வார இறுதியிலும் லீவிலும் தன்னார்வலர்களோடு காட்டுக்குள் போவார். சைக்கிள் சக்கரம் மாதிரி ஒரு அளவுக் கருவியைத் தள்ளிக்கொண்டே நடப்பார். வழிகாட்டிப் புத்தகத்துக்குக் குறிப்பு எடுப்பார். இப்படித் துண்டு துண்டாக நடந்தே 1936-இல் மொத்தப் பாதையையும் முடித்துவிட்டார். முழுசா நடந்த முதல் ஆள் அவர்தான். இதில் வேடிக்கை என்னன்னா, கடைசி இணைப்பை வெட்டி முடித்ததே 1937-இல்தான்!

ஒரே பயணமாக முதலில் நடந்தவர் ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர். போரின் பாரத்தை இறக்கி வைக்க, 1948-இல் சுமார் நாலு மாதம் நடந்தார். முதலில் பாதையின் நிர்வாகிகளே அதை நம்பவில்லை.

ஆக, துண்டு துண்டாக நடப்பதுதான் பழைய வழக்கம். இன்றைக்கும் பாதையைக் கவனிக்கும் அமைப்பு, ஒரே சீசனில் முடித்தவருக்கும் இருபது வருஷத்தில் முடித்தவருக்கும் ஒரே அங்கீகாரம்தான் தருகிறது.

நான் நடந்தது சுமார் 60 கிலோமீட்டர். வருஷத்துக்கு இவ்வளவுதான் என்றால், முழுசும் முடிக்க 58 வருஷம் ஆகும். முடிப்பேனா, தெரியாது. ஆனால் "ஆறு மாசம் லீவு கிடைச்சா பார்த்துக்கலாம்" என்று எதையும் தள்ளிப்போடுவதை நிறுத்திட்டேன். டென்ட் இப்போ பீரோ மேலே இல்லை, கதவுக்குப் பக்கத்தில் இருக்கு.

அடுத்த எபிசோடில் பேசுவோம்.