கழுத்து முறிந்த கிட்டாரும் தஞ்சை வீணையும்

மரத்தை இசைக்கு இணங்கச் செய்யும் கலை தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலையாகப் பதிந்த வீணை உருப்பெற்றது என்பர். பலாமரமே அதற்கு உடல். குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே மரத்தில் குடைந்தெடுக்கப்பட்டால் ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தப்பட்டால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கே மதிப்பும் விலையும் மிகுதி. ஆயினும் தண்டி முறிந்துவிட்டால் மறுவாழ்வு எளிதாகக் கிட்டுவது ஒட்டு வீணைக்குத்தான். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதை அன்பர்கள் அறிவர்.

கிறிஸ்தவர்களும் இந்த இசை மரபுக்கு அந்நியர் அல்லர். நம் குத்தாலத்துக்கு அண்டையில் மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைத் தந்தவர்.

கிட்டார் நம் பீடத்தருகே வந்தது பிற்காலத்தில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு குழாய் ஆர்கனைப் போற்றியது. தூய பணிக்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் ஆயர்களின் இசைவோடு வழி திறந்தது. முதியோர் சிலர் முகம் சுளித்தனர். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலியே 1940இல் விலக்கி வைத்த நாடு இது. கிட்டாரை மட்டும் உடனே மாலையிட்டு வரவேற்குமா?

நம் பங்கின் கிட்டார், இளைஞர்கள் அறுவடைக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. ஒரு திருவிழா இரவில் அது மேடையிலிருந்து விழுந்து, கழுத்து இரண்டாக முறிந்தது. பெட்டியில் கீறலும் இல்லை. "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார் கடைக்காரர். இளைஞர்களுக்கு மனம் ஒப்பவில்லை, நமக்கும் ஒப்பவில்லை. சூசையப்பரின் தொழிலைச் செய்யும் நம் பங்குத் தச்சர் ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

கிட்டார் கழுத்தை அவர் முன்பின் செய்தவரல்லர். ஆனால் மரம் அறிந்தவர். பழைய வீட்டு நிலைக்கதவில் இருந்த பலாவைத் தேர்ந்தார். பல்லாண்டு உலர்ந்த மரம் இனி முறுக்காது என்பது அவர் கணக்கு. உலோகக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ அளவுக்கு இழுக்கும். அந்த இழுப்புக்குக் கழுத்து வளையாதிருக்க உள்ளே இரும்புக் கம்பி வைப்பார்கள். திருகிச் சரிசெய்யும் இம்முறைக்கு அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1923இல் காப்புரிமை பெற்றது. பழைய கழுத்திலிருந்த கம்பியையே தச்சர் எடுத்துப் புதியதில் பதித்தார். வெந்நீர் ஆவி காட்டிப் பழைய பசையை இளக்கி, உடைந்த துண்டைப் பெட்டியிலிருந்து கழற்றினார். அதே அளவில், நுனி அகன்ற நாக்கொன்றைப் புதுக் கழுத்தின் அடியில் செதுக்கிக் காடியில் இறுக்கினார்.

கடினம், மெட்டு பதிப்பதில்தான். வீணையில் மெழுகின்மேல் மெட்டுகளை வைத்து, காதால் கேட்டு நகர்த்தி மேளம் கட்டுவார்கள். தவறினால் மெழுகை இளக்கித் திருத்தலாம். கிட்டாரிலோ மரத்தை அறுத்துப் பதிக்க வேண்டும்; அறுத்தது அறுத்ததுதான். கம்பியின் நீளத்தை 18ஆல் வகுத்து முதல் மெட்டையும், மீதியை மீண்டும் 18ஆல் வகுத்து அடுத்ததையும் குறிப்பது ஐரோப்பியரின் பழைய வழி. விஞ்ஞானி கலிலேயோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி 1581இல் எழுதிய நூலில் இது உண்டு. ஆனால் 650 மில்லிமீட்டர் கம்பியில் இப்படிக் கணக்கிட்டால், சரிபாதியில் நிற்க வேண்டிய பன்னிரண்டாம் மெட்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். 17.817ஆல் வகுத்தால்தான் பாதியில் நிற்கும். நம் பள்ளியின் கணித ஆசிரியை எல்லா மெட்டுகளுக்கும் கணக்கிட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். தச்சர் அந்தத் தாளை மரத்திலேயே ஒட்டி, கோட்டின்மேல் வாள் வைத்து அறுத்தார்.

கூலி வாங்க மறுத்துவிட்டார். புதுக் கழுத்து பழையதைவிடச் சற்றுத் தடிமன். சிறு கைப் பிள்ளைகள் முறையிடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் சுருதி சிறிது இறங்கும். ஆகவே அம்மாதம் மட்டும் திருப்பலிக்குக் கால் மணி முன்னதாகவே பாடகர் குழு வந்து கம்பிகளை முறுக்குகிறது.