சோக் கம்பியும் மார்கழிப் பனியும்: குளிர் காலத்தில் மைலேஜ் குறைந்த கதை

மார்கழி மாத விடியற்காலையில் திருமழபாடியில் கொள்ளிடத்துப் பனி தெருவரைக்கும் வந்து நிற்கும். வைத்தியநாத சுவாமி கோயில் பக்கமிருந்து திருவெம்பாவை கேட்கும். அந்த நேரத்தில் ஒரு பழைய அம்பாசிடர் காரைக் கிளப்புவது ஒரு காலத்தில் தனி வித்தையாக இருந்தது. டிரைவர் முதலில் டேஷ்போர்டில் உள்ள சோக் கம்பியை இழுப்பார். பிறகு சாவியைத் திருகுவார். வண்டி இரண்டு முறை இருமும், கொஞ்சம் கரும்புகை விடும், அப்புறம்தான் ஓடும். எஞ்சின் சூடேறச் சூடேற அந்தக் கம்பியைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். தள்ள மறந்தால் பெட்ரோல் வீண். "பனிக்காலத்தில் வண்டி கூடக் குடிக்கும்" என்பது அந்தக் கால டிரைவர்களுக்குத் தெரிந்த பாடம்.

இது உண்மைதானா? உண்மை என்றால் ஏன்? இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

குளிர் என்ன செய்கிறது?

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் துளியாக ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் கொடுக்க வேண்டும். எஞ்சின் ஆயிலும் குளிரில் கெட்டியாகி விடுவதால் உராய்வு அதிகம். டயரில் காற்றழுத்தம் குறையும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் வண்டி அதைக் கிழித்துக்கொண்டு போகவும் கூடுதல் சக்தி தேவை. 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. 0 டிகிரியில் அது சுமார் 1.29 கிலோ.

அமெரிக்க அரசின் கணக்குப்படி, 25 டிகிரியில் ஓடும் பெட்ரோல் கார் மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஓடினால் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோ மீட்டர் மட்டும் ஓட்டும் குறுகிய பயணங்களில் இது 24 சதவீதம் வரை போகலாம்.

கைப்பிடி, சோக், கம்ப்யூட்டர்

ஆரம்ப காலக் கார்களில் முன்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். ஆயில் கெட்டியான குளிர் நாளில் இது பெரும் பாடு. கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்களும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்பது மாறவில்லை. அதற்காக வந்ததுதான் சோக். காற்றைக் குறைத்தோ பெட்ரோலைக் கூட்டியோ கலவையை அடர்த்தியாக்குவது அதன் வேலை.

1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை வந்த அம்பாசிடர், 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 என்று ஒரு தலைமுறைக் கார்கள் எல்லாமே கார்புரேட்டரும் சோக்கும் கொண்டு வந்தவைதான். எவ்வளவு நேரம் சோக் இழுத்து வைப்பது என்பது டிரைவரின் கை அளவு. டீசல் அம்பாசிடரில் சோக் கிடையாது. அதற்குப் பதில் ஹீட்டர் பிளக். சாவியைத் திருகிச் சில நொடிகள் ஹீட்டர் போட்டு, பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்கள்.

2000-ம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தியாவில் கடுமையானபோது கார்புரேட்டர் விடைபெறத் தொடங்கியது. எம்.பி.எஃப்.ஐ. என்று காரின் பின்புறம் ஒட்டி விற்றார்கள். அதன் பொருள், எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்பதே. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்த பின் பெரும்பாலான புதிய பைக்குகளிலும் சோக் மறைந்துவிட்டது. கம்பி போய்விட்டதே தவிர, அது செய்த வேலை போகவில்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் இன்றைய காரும் கூடுதலாகத்தான் குடிக்கிறது. டிரைவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

லேயில் உறைந்த டீசல்

இந்தியாவில் குளிரின் முழு பலத்தையும் பார்க்க வேண்டும் என்றால் லடாக் போக வேண்டும். அங்கே மைலேஜ் குறைவது இரண்டாவது பிரச்சினை, வண்டி கிளம்புவதே முதல் பிரச்சினை. டீசலில் உள்ள மெழுகுப் பொருள் கடும் குளிரில் கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். இதற்காக இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த குளிர்கால டீசல் 2019 நவம்பரில் அறிமுகமானது. மைனஸ் 33 டிகிரி வரை அது உறையாது.

சோதனையும் உண்மையும்

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து விலை பல மடங்கு ஏறிய பிறகுதான் உலகம் மைலேஜை ஒழுங்காக அளக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1975-ல் அதற்குச் சட்டமே வந்தது. ஆனால் ஸ்டிக்கரில் போட்ட மைலேஜ் சாலையில் கிடைக்கவில்லை என்று மக்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்கு ஒரு காரணம், சோதனை இதமான வெப்பநிலையில் நடந்ததுதான். 2008 மாடல் கார்களிலிருந்து மைனஸ் 7 டிகிரிச் சோதனையும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் விளம்பரத்தில் வரும் மைலேஜும் சோதனைக்கூடத்தில் எடுத்த கணக்கே. காலையில் கடைத்தெரு வரை போய் வருகிறவருக்கு அது கிடைக்காது.

திருமழபாடிக்கு என்ன?

மார்கழியிலும் இந்த ஊரில் விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். லேயோடு ஒப்பிட்டால் இதைக் குளிர் என்றே சொல்ல முடியாது. ஆனால் எஞ்சின் தன் வேலையை ஒழுங்காகச் செய்ய விரும்பும் வெப்பநிலை சுமார் 90 டிகிரி. அதன் கணக்கில் மார்கழியும் குளிர்தான், சித்திரை விடியலும் குளிர்தான். ஆகவே ஊர் எவ்வளவு குளிர் என்பதைப் போலவே, எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறதா என்பதும் முக்கியம்.

வணிகவியலில் நிலையான செலவு என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் செய்தாலும் ஆயிரம் பொருள் செய்தாலும் கடை வாடகை ஒன்றுதான். எஞ்சினைச் சூடேற்றும் பெட்ரோலும் அப்படித்தான். கணக்குக்காக, லிட்டருக்கு 18 கி.மீ. தரும் காருக்குச் சூடேற 50 மில்லி கூடுதலாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. பயணத்தில் மைலேஜ் 17.6 ஆகும், பெரிய நஷ்டம் இல்லை. 2 கி.மீ. மட்டும் ஓட்டினால் அது 12.4 ஆகிவிடும். வாடகை அதேதான், விற்பனை குறைந்துவிட்டது.

இதற்கு மருந்தும் எளியது. வண்டியை நிறுத்தி வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றுவது பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். நின்ற இடத்தில் எரியும் பெட்ரோலுக்கு மைலேஜ் பூஜ்யம். இன்றைய காரில் அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டினால் எஞ்சின் தானே சூடாகும். மூன்று சில்லறை வேலைகளுக்கு மூன்று முறை எடுப்பதை விட ஒரே சுற்றில் முடிப்பது லாபம். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பார்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி உள்ள கடைக்கு நடந்தே போய்விட்டால் அதை விடச் சிக்கனம் வேறில்லை.

அன்றைய டிரைவர் சோக் கம்பியைத் தள்ளும்போதெல்லாம் பெட்ரோல் போவதை நினைத்துக்கொண்டார். இன்று கம்பி இல்லை. அந்த நினைப்பையாவது வைத்துக்கொள்வது நல்லது.