செக்கன் முள் இல்லாத மணிக்கூடு

நூற்றாண்டு மலர்க் குழுவினர் பழைய படங்கள் சிலவற்றை அனுப்பி, அவற்றில் இருப்பவர்களை அடையாளம் காட்டும்படி கேட்டிருந்தனர். முகங்களைத் தேடிக்கொண்டிருந்த நான், சற்று நேரத்தில் கைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். மிகப் பழைய படத்தில் அதிபரின் சட்டையில், நெஞ்சுப் பக்கமாக, ஒரு சிறு மணிக்கூடு ஊசியால் குத்தப்பட்டிருக்கிறது. அறுபதுகளின் படத்தில் ஆசிரியைகள் எல்லோருடைய இடக்கையிலும் மெல்லிய பட்டியில் மணிக்கூடு. தொண்ணூறுகளில் எடுத்த எங்கள் வகுப்புப் படத்திலோ அநேகமான கைகள் வெறுமையாக இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன், பெண்களின் கைக்கு மணிக்கூடு வந்த கதையைச் சொல்லவேண்டும்.

இன்று புதிய தொலைபேசி, புதிய கருவி என்றால் அவை ஆண்பிள்ளைகளின் விருப்பம் என்றும், பெண்களுக்கு அதன் நிறமும் உறையுமே முக்கியம் என்றும் பேசுவோர் இருக்கின்றனர். ஆனால் கைக்கடிகாரத்தைப் பொறுத்தவரை அதை முதலில் அணிந்தவர்கள் பெண்களே. 1570களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிக்கு ரொபேட் டட்லி கொடுத்த புத்தாண்டுப் பரிசுகளில், மணிக்கூடு பதித்த கைக்காப்பு ஒன்றும் இருந்தது. நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் நாட்டின் அரசியுமான கரோலின் முரா, 1810 இல் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கடிகாரக் கைவினைஞர் பிரெகேயிடம் கையில் கட்டக்கூடிய மணிக்கூடு ஒன்றைச் செய்யச் சொன்னார். 1812 இல் அது முடிந்தது. அதன் பட்டி தலைமுடியும் பொன்னிழையும் சேர்த்துப் பின்னப்பட்டது. 1868 இல் ஜெனீவாவின் படேக் பிலிப் நிறுவனம் ஹங்கேரிய சீமாட்டி ஒருவருக்காக ஒரு கைக்கடிகாரத்தைச் செய்தது.

அக்காலத்தில் ஆண்கள் சங்கிலியில் கோத்த மணிக்கூட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் காப்புக்குச் சமம் என்று எண்ணினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது போர். பதுங்குகுழியில் துப்பாக்கியோடு நிற்பவன் பையைத் துழாவி நேரம் பார்க்க முடியாது. தென்னாபிரிக்க போயர் யுத்தத்திலும், அதைவிடப் பெருமளவில் 1914 இல் தொடங்கிய முதலாம் உலக யுத்தத்திலும் சிப்பாய்கள் மணிக்கூட்டைக் கையில் கட்டினார்கள். அதன் பின்னர்தான் அது ஆண்களுக்கும் உரியதாயிற்று. அரசியின் கையில் இருந்தவரை ஆபரணம். சிப்பாயின் கைக்கு வந்ததும் கருவி.

இருட்டில் நேரம் தெரிய வேண்டும் என்பதற்காக முகப்பு எண்களுக்கு றேடியம் கலந்த பூச்சு பூசப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒறேஞ்ச் என்னும் ஊரில் இருந்த தொழிற்சாலையில் அதைப் பூசியவர்கள் இளம் பெண்கள். தூரிகையின் நுனி கூராக இருக்கவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு முறையும் அதை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி கற்பிக்கப்பட்டார்கள். பூச்சு பாதுகாப்பானது என்றும் சொல்லப்பட்டது. சிலர் விளையாட்டாக நகங்களில் பூசி, இருட்டில் மின்னுவதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். றேடியம் கல்சியத்தைப் போல எலும்பில் சென்று தங்கும். பற்கள் விழுந்தன, தாடை எலும்பு சிதைந்தது, பலர் இறந்தார்கள். கிறேஸ் ஃப்ரையர் உட்பட ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928 இல் இணக்கத்தில் முடிந்தது. வேலையிடத்தில் தொழிலாளியைப் பாதுகாக்கும் சட்டங்கள் வளர்ந்த வரலாற்றில் அவர்களுக்கு நிலையான இடம் உண்டு. அழகிய பொருளொன்றைக் கையில் எடுக்கும்போது அதைச் செய்த கைகளையும் நினைக்கவேண்டும் என்று எனக்குக் கற்பித்தது அந்த வரலாறுதான்.

யுத்தங்களுக்குப் பின் ஆண்களின் மணிக்கூடு பெருத்தது. பெண்களின் மணிக்கூடு மேலும் மேலும் சிறுத்தது. சிறிதாகச் செய்வது இலகுவான வேலை அன்று. 1929 இல் சுவிற்சர்லாந்தில் ஜேகர் லெகூல்ட்ர் செய்த "101" என்ற பொறியின் நிறை ஏறக்குறைய ஒரு கிராம்தான். இரண்டாம் எலிசபெத் அரசி 1953 இல் முடிசூடியபோது கையில் கட்டியிருந்தது அந்தப் பொறி கொண்ட மணிக்கூடே. அத்தனை நுட்பமான பொறியியல் ஆபரணப் பெட்டிக்குள் மறைந்துபோயிற்று. சிறிதாக்கும் முயற்சியில் பெண்களின் மணிக்கூடுகள் பலவற்றில் இல்லாமற்போனது செக்கன் முள்.

என் அம்மாவின் மணிக்கூடும் அப்படிப்பட்டதுதான். கலியாணத்துக்குக் கிடைத்தது, ஐந்து சத நாணயத்தைவிடச் சிறிய முகம், முறுக்கி ஓடவிடுவது. எண்பதுகளின் முடிவில் எங்கள் வீட்டில் அதற்கு மதிப்பு இல்லை. 1969 இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் உலகின் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், சில வருடங்களில் பற்றரி மணிக்கூடுகள் எங்கும் மலிந்துவிட்டன. எனக்கும் ஒன்று கிடைத்தது. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் வடக்கிற்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் சேர்ந்தது. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. மணிக்கூட்டுப் பற்றரிக்கு எங்கே போவது? எங்கள் வகுப்பில் ஒவ்வொரு மணிக்கூடாக நின்றது. படத்தில் தெரியும் வெறுங்கைகளுக்குக் காரணம் இதுதான்.

அம்மாவின் மணிக்கூடு மட்டும் ஓடியது. ஜாம் போத்தல் விளக்கின் முன் நான் படிக்கும்போது அது புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரோடு சேர்ந்து நாமும் வெளிக்கிட்டபோது, அம்மா அதைக் கைலேஞ்சியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். மறுவருடம் வீடு திரும்பிய கையோடு, 1996 மே 25 இல், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. வன்னியிலோ பழைய நேரமே இருந்தது. "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேளாமல் ஒருவரைச் சந்திக்க முடியாத காலத்தை என் வயதினர் மறந்திருக்கமாட்டீர்கள். அம்மா தன் மணிக்கூட்டை மாற்றவில்லை. வன்னியில் இருந்த தன் தங்கையின் நேரம் அது என்றார்.

மருத்துவபீடத்துக்குத் தெரிவானபோது அம்மா அதை என் கையில் கட்டிவிட்டார். மாணவியாக மகப்பேற்று விடுதியில் நின்ற ஒருநாள், பிள்ளை பெற்ற தாய் ஒருவரின் நாடித்துடிப்பை எண்ணும்படி சொன்னார்கள். செக்கன் முள் இல்லாமல் நிமிட முள்ளின் நகர்வைப் பார்த்து எண்ணி, எண்பத்தெட்டு என்று எழுதினேன். வயதில் மூத்த மிஸி ஒருவர் வந்து, தன் சட்டையில் குத்தியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துத் திரும்ப எண்ணினார். நூற்றிருபத்துநான்கு. இரத்தம் போகும்போது முதலில் நாடி விரையும். அழுத்தம் விழுவது பிறகு. மிஸி உடனே வைத்தியரை அழைத்தார். அந்தத் தாய் பிழைத்தார்.

பிறகு மிஸி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வடிவான மணிக்கூடு பிள்ளை. ஆனா இது நாடி பாக்கிறதுக்கில்லை" என்றார். தாதியர் சட்டையில் தலைகீழாகத் தொங்கும் அந்த மணிக்கூடு, குனிந்து பார்க்கும் அவர்களுக்கு நேராகத் தெரியும். கைகள் கழுவுவதற்கும் தடையாக இராது. எங்கள் பழைய அதிபரின் படத்தில் இருப்பதும் அதே வகைதான். 1707 இல் ஆங்கில வைத்தியர் ஜோன் ஃப்ளோயர் நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரத்தைப் பற்றி நூல் எழுதினார். வைத்தியத்தில் செக்கனின் பெறுமதி அன்றே தெரிந்ததுதான். அடுத்த மாதம் உதவிப்பணத்தில் ஒரு பெரிய முகமுள்ள, ஆண்கள் கட்டும் மணிக்கூட்டை வாங்கினேன். தோழிகள் சிரித்தார்கள்.

இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் எங்கள் அக்காமாரின், தங்கைமாரின் கைகளில் பொன்னிறப் பட்டியில் ஸ்மார்ட் வோட்ச் மின்னுகிறது. 2018 முதல் சில வகைகள் இதயத்தின் மின்வரைபையே எடுக்கின்றன. ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஒருவகையை அவை முன்கூட்டியே காட்டக்கூடும். ஆனால் மாரடைப்பை அவற்றால் கண்டறிய முடியாது. நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல், தாடையிலோ முதுகிலோ நோவு, காரணமில்லாத வியர்வை இருந்தால், மணிக்கூடு என்ன காட்டினாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவியையும் அப்படியே நம்பவேண்டாம். வைத்தியசாலைகளில் விரலில் மாட்டும் கருவிகள், கறுப்பின நோயாளிகளில் ஒட்சிசன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுவதை 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கருநிறத் தோலுடைய எங்களுக்கும் அது எச்சரிக்கை. வாங்கும்போது நிறத்தையும் பட்டியையும் தாராளமாகப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு, இது யாருடைய உடலில் சோதிக்கப்பட்டது, என்ன அளக்கும், எதை அளக்காது என்பதையும் கேளுங்கள். கேள்வி கேட்கும் பழக்கத்தைத்தான் எங்கள் பாடசாலை எங்களுக்கு முதலில் தந்தது.

அம்மாவின் மணிக்கூடு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் முறுக்கிவிடுவேன், ஒரு நாள் முழுவதும் ஓடும். நூறு ஆண்டு நிறைவுகாணும் எங்கள் சங்கத்துக்கு வாழ்த்துகள். உங்கள் வீட்டு அலுமாரியிலும் நின்றுபோன மணிக்கூடு ஒன்று இருக்குமானால், அது யாருடைய கையில் எந்த வருடம் ஓடியது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். அடுத்த மலரைத் தொகுக்கும் பிள்ளைகளுக்கு அது உதவும்.