கூண்டில் நின்ற துப்பறிவாளர்

சீ. ஐ. டி. என்ற மூன்றெழுத்தைக் கேள்விப்படாதவர் நம்மிடையே எவரும் இரார். கொழும்பிலும் சென்னையிலும் வழங்கும் இப்பெயர் 1878ஆம் ஆண்டில் இலண்டனிலே பிறந்தது. அது பிறக்கக் காரணமாயிருந்தது பொலிசாரின் வெற்றி எதுவுமன்று. அவர்கள் அடைந்த பெரும் அவமானமே.

1876இல் பென்சன், கர் என்னும் இரு மோசக்காரர், கோன்கூர் என்ற பிரெஞ்சுச் சீமாட்டியிடம் குதிரைப் பந்தயத்தின் பெயரால் ஏறக்குறைய 10,000 பவுண் பறித்தனர். சீமாட்டியை நம்பவைப்பதற்கென்றே ஒரு பொய்ப் பத்திரிகையையும் அச்சிட்டனர்! மேலும் 30,000 பவுண் அனுப்ப அவர் முற்பட்ட வேளையிலேதான் குட்டு வெளிப்பட்டது.

ஸ்கொட்லாந்து யார்ட் வேட்டையைத் தொடங்கிற்று. ஆனால் பொலிசார் செல்லுமிடமெல்லாம் பறவைகள் முன்னரே பறந்துவிட்டன. பென்சன் ரொட்டர்டாமில் அகப்பட்டபோதோ, அவனை விடுவிக்குமாறு ஸ்கொட்லாந்து யார்டின் பெயரிலேயே ஒரு போலித் தந்தி ஒல்லாந்தப் பொலிசாருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஏமாறவில்லை. 1877 ஏப்ரலில் பென்சனுக்குப் பதினைந்து ஆண்டும் கர்ருக்குப் பத்து ஆண்டும் தண்டனை கிடைத்தன.

சிறை சென்ற பின்னர் இருவரும் வாய் திறந்தனர். மெக்கிள்ஜோன், துருஸ்கோவிச், பாமர், கிளார்க் ஆகிய நான்கு துப்பறியும் இன்ஸ்பெக்டர்களும் புரொகற் என்ற பிரக்கிராசியும் தம்மிடம் கைக்கூலி பெற்றுத் துணைநின்றனர் என்றனர். துருஸ்கோவிச்சின் கதை இரங்கத்தக்கது. பணமுடையில் 60 பவுண் கடன் வாங்கியவர், கடன் கொடுத்தவனையே பிடித்துவரும் பொறுப்பைப் பின்னர் ஏற்கவேண்டியதாயிற்று.

ஓல்ட் பெய்லியில் இருபது நாள் விளக்கம் நடந்தது. யூரிமார் முன்னிருந்த சிக்கல் எளிதானதன்று. குற்றம் சாட்டுவோர் பொய்யே தொழிலாகக் கொண்டவர். சிறைவாசம் குறையுமென்ற ஆசையும் அவர்களுக்கு இருந்திருக்கலாம். மறுபுறம், கள்வருடன் பழகாமல் கள்வரைப் பற்றித் துப்பறிவது எங்ஙனம்? சந்தித்ததும் பேசியதும் மட்டும் குற்றமாகுமா? ஆகவே கடிதங்களும் தந்திகளும் கைமாறிய பணநோட்டுகளும் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. நவம்பர் 20ஆந் தேதி மூன்று இன்ஸ்பெக்டர்களும் பிரக்கிராசியும் குற்றவாளிகள் எனக் காணப்பட்டு, ஆளுக்கு இரண்டாண்டுக் கடூழியச் சிறை பெற்றனர். கிளார்க் மட்டும் விடுதலையானார். அதே சாட்சிகள், அதே யூரிமார், தீர்ப்போ இருவகை. யூரிமார் ஆளையாள் பிரித்துப் பார்த்தனர் என்பதற்கு இதுவே சான்றென நான் கருதுகிறேன்.

நால்வரைத் தண்டித்ததோடு அரசாங்கம் கைகழுவிவிடவில்லை. உள்நாட்டு மந்திரி ரிச்சர்ட் குரொஸ் 1877இலேயே ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தார். நால்வரின் நடத்தையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ள, துப்பறியும் பகுதியின் ஒழுங்கும் அமைப்பும் எத்தகையன என்பதைக் கமிஷன் ஆராய்ந்தது. தலைமையகத்திலும் பிரிவுகளிலும் சிதறியிருந்த துப்பறிவாளர் ஒரே தலைமையின் கீழ் வரவேண்டும் என்பது அதன் முடிவு.

அத்தலைமை ஹவார்ட் வின்சென்ற் என்பவருக்குக் கிடைத்தது. அவர் பொலிஸ்காரரல்லர்; இருபத்தெட்டே வயதான வழக்கறிஞர். பாரிஸுக்குச் சென்று பிரெஞ்சுத் துப்பறியும் முறையைக் கற்று, அறிக்கை எழுதிக்கொடுத்துப் பதவி பெற்றவர். பழைய பகுதியின் தலைவராயிருந்த வில்லியம்சன்மீது எவரும் குற்றஞ் சுமத்தவில்லை. தம் கண்ணெதிரே இத்தனையும் நடந்தும் ஒன்றும் அறியாதிருந்த அப்பெரியவர், புதிய திணைக்களத்திலும் வின்சென்றின் கீழ்த் தொடர்ந்து கடமையாற்றினார்.