1987: பீஜித் தீவின் ஓராண்டு



பீஜித் தீவு என்றதும் நம் நினைவுக்கு வருபவர் பாரதியார். அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற பெண்களை அவர் பாடிய பாடலைக் கற்பிக்கும் போதெல்லாம், "அவர்களின் பிள்ளைகள் பிறகு என்னவானார்கள், சேர்?" என்று என் மாணவர் எவராவது கேட்பதுண்டு. விடை தேடுவோர் 1987ஆம் ஆண்டை அறிந்திருத்தல் வேண்டும்.

1879 மே 14இல் 'லியோனிடாஸ்' என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரைப் பீஜிக்குக் கொண்டுவந்தது. 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ஒப்பந்தம் முடிந்த பின் பலர் அங்கேயே தங்கினர். அவர்தம் சந்ததியினருக்கு அதுவே தாயகமாயிற்று.

1970இல் நாடு சுதந்திரம் பெற்றது. அன்று முதல் பிரதமராயிருந்த ராத்து மாரா 1987 ஏப்பிரல் தேர்தலில் தோற்றார். 52 ஆசனங்களில் 28ஐ வென்ற கூட்டணியின் தலைவர் வைத்தியர் திமோதி பவத்ரா பிரதமரானார். அவர் சுதேச பீஜியரே. எனினும் அவரது அமைச்சரவையில் இந்திய வம்சாவளியினர் பலர் இடம்பெற்றதால், "ஆட்சி அந்நியர் கைக்குப் போய்விட்டது, இனி நிலமும் போய்விடும்" என்ற அச்சம் கிளப்பப்பட்டது. உண்மையில் சுதேசிகளின் நில உரிமைக்கு அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு இருந்தது. சட்டம் காத்த நிலத்தை வதந்தி பறித்துக் காட்டியது!

பதவியேற்று ஒரு மாதமே கழிந்தது. மே 14இல், முன்னோர் கரையிறங்கிய அதே நாளில், முகமூடி அணிந்த படையினர் பாராளுமன்றத்தினுள் புகுந்து பிரதமரையும் அவரது அணியினரையும் கைதுசெய்தனர். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கேணல் சித்திவேனி ரபுக்கா. மகாதேசாதிபதியின் முயற்சியால் செப்டெம்பரில் இரு தரப்பும் இணக்கம் கண்டபோது, 25ஆந் திகதி ரபுக்கா மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினார். ஒக்டோபரில் நாடு குடியரசாகப் பிரகடனமாயிற்று. பொதுநலவாய உறுப்புரிமையும் பறிபோயிற்று. டிசெம்பரில் தேர்தலில் தோற்ற மாராவே மீண்டும் பிரதமரானார்.

இந்திய வம்சாவளியினர் பல்லாயிரவர் நாட்டை விட்டகன்றனர். பவத்ரா 1989இல் மறைந்தார்.

2022 டிசெம்பரில் தேர்தல் வழியே மறுபடியும் பிரதமரான ரபுக்கா, 2023 மே 14இல் அம்மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அதற்கு 36 ஆண்டுகள் சென்றன. கேட்டிருக்க வேண்டிய பவத்ரா அப்போது இல்லை. ஊரை விட்டுப் போனவர்களும் திரும்பிவிடவில்லை. எனினும், செய்தவரே தவறென்று சொன்ன சொல் வரலாற்றில் நிற்கும். அடுத்த தலைமுறை அச்சங்கொள்ளுமுன் அதை ஒருமுறை வாசிக்கட்டும்.